பாப்பாவின் பல்லும் பிளாஸ்டிக் புட்டியும்

போடிநாயக்கனூர் என்ற பெயரைக் கேட்டதுமே நம் பெண்மணிகளுக்கு ஏலக்காய் வாசனை வீசத் தொடங்கிவிடும். பாயசத்துக்கு இரண்டு, தாம்பூலத்துக்கு ஒன்று, சாப்பாடு முடிந்ததும் வாய் மணக்க மென்று கொள்ள ஒன்று என்று ஏலக்காய் செலவாகாத வீடு தமிழ்நாட்டில் உண்டோ? அந்த ஏலக்காய் விளைவது மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலே, கேரளத்து இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்த ஏலமலைச் சரிவுகளில். விலை போவதற்கு அது மலையடிவாரத்தில் உள்ள போடிக்கு இறங்கி வருகிறது.

காய் கீழே இறங்குகிறது என்றால், அதைப் பறிக்கிற கைகள் மேலே ஏறுகின்றன. பறிப்புக் காலத்தில் போடியிலிருந்தும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையில், நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு பெண்கள் எஸ்டேட் வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. பைக்குள் மத்தியானச் சோறு, தொட்டுக்கொள்ள ஏதாவது, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர். ஊருக்குள்ளே கிட்டங்கிகளில் உட்கார்ந்து, காயைப் பொறுக்கித் தரம் பிரிக்கிற பெண்களிடமும் அதே பை, அதே புட்டி.

இந்தப் புட்டி போடிக்கு மட்டும் சொந்தமானதல்ல. சென்னை மாம்பலத்தில் பள்ளிக்கூடம் போகும் குழந்தையின் தோளிலும் அதுதான் தொங்குகிறது. திருச்சியில் ஆபீசுக்குப் போகிறவரின் மேஜையிலும் அதுதான் நிற்கிறது. மண் பானையையும் பித்தளைச் செம்பையும் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நம் வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது. அது சும்மா உட்கார்ந்திருக்கிறதா, அல்லது எதையாவது நம் வாய்க்குள் போட்டுக்கொண்டிருக்கிறதா? பல்லுக்கும் ஈறுக்கும் அதனால் கெடுதல் உண்டா? விஞ்ஞானிகள் கண்டிருப்பதைப் பார்க்கலாம்.

மருந்தாகப் பிறக்க இருந்த ரசாயனம்

பிளாஸ்டிக்கில் பல ஜாதிகள் உண்டு. அவற்றில் கண்ணாடி போலப் பளபளப்பாகவும், கீழே போட்டால் உடையாததாகவும் இருக்கும் கெட்டியான ஜாதிக்குப் பாலிகார்பனேட் என்று பெயர். அதைச் செய்வதற்கு வேண்டிய மூலப்பொருள் 'பிஸ்பினால் ஏ' என்னும் ரசாயனம்.

இதன் சரித்திரம் சற்று விசித்திரமானது. 1891-ஆம் ஆண்டில் டியானின் என்ற ரஷ்ய ரசாயன நிபுணர் இதை முதலில் உண்டாக்கினார். அப்போது இதனால் இன்னது பயன் என்று யாருக்கும் தெரியாது. 1936-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானி, பெண்களின் உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைப் போல இது வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார். மருந்தாக உபயோகிக்கலாமா என்றுதான் அவர் பார்த்தார். பிறகு இதைவிடப் பன்மடங்கு சக்தி வாய்ந்த வேறொரு பொருள் கிடைத்துவிடவே, பிஸ்பினால் ஏ மருந்துக் கடைக்குள் நுழையாமலே நின்றுவிட்டது.

ஆனால் தொழிற்சாலை அதற்காகக் காத்திருந்தது! 1953-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்பவர் இதைக்கொண்டு பாலிகார்பனேட்டை உண்டாக்கினார். தகர டப்பாவில் அடைத்த உணவு துருப்பிடிக்காமல் இருக்க, டப்பாவின் உட்புறத்தில் பூசுகிறார்களே ஒரு மெல்லிய பூச்சு, அந்த எபாக்ஸிப் பூச்சுக்கும் இதுவே ஆதாரம். கடைகளில் மிஷினிலிருந்து வழவழவென்று வெளிவரும் ரசீதுக் காகிதம் பலவற்றிலும் இதைத் தடவியிருக்கிறார்கள்.

ஹார்மோனைப் போல நடிக்கத் தெரிந்த ஒரு பொருள் சோற்றுப் பாத்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றால் என்ன ஆகும்? நடிகர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வேஷம் போடும் இடம் நம் உடம்பு அல்லவா?

ஒரே ஒரு தடவை கட்டும் வீடு

பல்லின் மேலே வெள்ளையாக, பீங்கான் போலப் பளிச்சென்று தெரிகிறதே, அதுதான் எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுவே. கை எலும்பு முறிந்தால் கூடிவிடுகிறது. விரலை அரிவாள்மணை வெட்டினால் தோல் வளர்ந்து மூடிவிடுகிறது. எனாமல் மட்டும் ஒரு தடவை போனால் போனதுதான். ஏன் தெரியுமா?

பல் ஈறுக்குள் மறைந்திருக்கும்போதே எனாமலைக் கட்டுவதற்கென்று தனிச் செல்கள் வேலை செய்கின்றன. கொத்தனார் சாரம் கட்டுவது போல, முதலில் அவை புரதத்தால் ஒரு சாரம் கட்டுகின்றன. பிறகு அதற்குள் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் வந்து படிகின்றன. கட்டடம் எழும்ப எழும்பச் சாரத்தைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் எனாமல் கல்லாக இறுகும். வேலை முடிந்து பல் வெளியே முளைக்கும் சமயத்தில் அந்தச் செல்கள் மறைந்து போகின்றன. கொத்தனாரே இல்லாத வீட்டில் மராமத்துப் பார்ப்பது யார்?

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இங்கே இருக்கிறது. குழந்தைக்கு ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லின் எனாமல், ஆறு வயதில் உண்டாவதல்ல. அது குழந்தை பிறக்கும் சமயத்தில் இறுகத் தொடங்கி, ஏறக்குறைய மூன்று வயதுக்குள் முடிந்து விடுகிறது. முன் பல்லின் எனாமலும் பிறந்த சில மாதங்களில் ஆரம்பித்து, நாலைந்து வயதுக்குள் பூர்த்தியாகிறது. குழந்தை தொட்டிலில் கிடந்தபோதும், தவழ்ந்தபோதும் அதன் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதைப் பல் ஒரு டைரி மாதிரி எழுதி வைத்துக்கொண்டு, ஆறாவது வயதில் நமக்குக் காட்டுகிறது!

பாரிஸ் எலிகள் சொன்ன சாட்சி

2013-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து விஞ்ஞானிகள் கத்தியா ஜெடியோன், ஆரியான் பெர்டால், சில்வி பபாஷ்கோ முதலியோர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கர்ப்பமாக இருந்த எலிகளுக்கும், பிறகு அவற்றின் குட்டிகளுக்கும் தினமும் மிகச் சொற்ப அளவில் பிஸ்பினால் ஏ கொடுத்தார்கள். எவ்வளவு சொற்பம்? ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஐந்து பங்கு. அதுவும் ஒரு கிலோ எடைக்கு. அந்தக் காலத்தில் மனிதர்கள் ஆயுள் பூராவும் தினந்தோறும் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று ஐரோப்பாவில் வைத்திருந்த அளவில் இது பத்தில் ஒரு பங்குதான்.

பிறந்து 30 நாளான எலிக் குட்டிகளின் முன் பற்களில் வெள்ளைத் திட்டுக்கள் தெரிந்தன. எனாமல் வலுவில்லாமல் எளிதில் பொடிந்தது. உள்ளே பார்த்தால், பிரித்து எடுக்கப்பட வேண்டிய புரதச் சாரம் அங்கேயே தங்கிவிட்டிருந்தது. சாரத்தைப் பிரிக்கும் வேலைக்கு ஏற்பட்ட பொருள் குறைவாகச் சுரந்ததே காரணம் என்று கண்டார்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட ரசமானது. எலியின் முன் பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதே மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்ட எலிகளை 100-வது நாளில் பார்த்தபோது, புதிதாக வளர்ந்த எனாமலில் திட்டு இல்லை! அதாவது, இந்த ரசாயனம் எனாமலைத் தாக்குவதற்கு ஒரு காலம் இருக்கிறது. தாய் வயிற்றில் இருக்கும்போதும், பிறந்த சிறிது காலமுமே அந்த ஜன்னல் திறந்திருக்கிறது. பிறகு மூடிக்கொள்கிறது. மனிதனுக்கு எலியைப் போல மறுபடி வளரும் பல் கிடையாது. ஜன்னல் திறந்திருந்தபோது விழுந்த கறை, நிலைப் பல்லோடு நிலைத்துவிடும்.

2016-ல் இதே ஆராய்ச்சிக்காரர்கள் மற்றொன்றையும் காட்டினார்கள். தண்ணீரில் ப்ளோரைடு அதிகமாக இருந்தால் பல்லில் கறை விழும் அல்லவா? பிஸ்பினால் ஏ-யும் அதோடு சேர்ந்துகொண்டால், வளரும் எலிகளின் பல்லில் அந்தக் கறை இன்னும் மோசமாகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாக்களில் கிணற்றுத் தண்ணீரின் ப்ளோரைடால் பல் பழுத்தவர்களை நாம் அறிவோம். ஆகையால் தமிழ்நாட்டுக்கு இந்தச் செய்தி வெகு தூரத்துச் செய்தியல்ல.

"எலிக்கு வந்தது நம் குழந்தைக்கும் வருமா?" என்று கேட்பது நியாயமே. எலியில் கண்டதை மனிதக் குழந்தைகளிடம் இன்னும் ஐயமற நிரூபிக்கவில்லை. ஆனால் பிஸ்பினால் ஏ கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குப் போகிறது என்பது நிச்சயம். எனாமல் கட்டும் முறையும் எலிக்கும் நமக்கும் ஒன்றுதான். நெருப்பு வைத்த வீட்டைப் பார்த்துத்தான் அடுப்பில் ஜாக்கிரதை வேண்டுமா என்ன?

சென்னைக் குழந்தைகளின் கடைவாய்ப் பல்

எலிகளின் பல்லில் கண்ட திட்டு, குழந்தைகளிடம் பல் டாக்டர்கள் முன்பே பார்த்திருந்த ஒரு குறையைப் போலவே இருந்ததுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லிலும், சில சமயம் முன் பல்லிலும், வெண்மையாகவோ மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஓரம் கட்டினாற்போல ஒரு திட்டு இருக்கும். அந்த இடத்தில் எனாமல் மிருதுவாக இருக்கும். ஹாலந்து தேசத்து டாக்டர்கள் இதைச் 'சீஸ் பல்' என்றே அழைத்தார்கள். 2001-ல் ஐரோப்பியப் பல் டாக்டர்கள் இதற்கு ஒரு பொதுப் பெயர் கொடுத்தார்கள்.

நம் ஊரில் இது உண்டா? உண்டு. சென்னைப் பள்ளிகளில் 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து 2016-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 9.7 சதவிகிதம் பேருக்கு, இந்தக் குறை இருந்தது. நாற்பது குழந்தைகள் உள்ள ஒரு வகுப்பில் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இவ்வளவும் பிளாஸ்டிக்கின் வேலை என்று சொல்லிவிடக் கூடாது. பிரசவ சமயத்துச் சிரமம், சிறு வயதில் அடிக்கடி வரும் கடுமையான ஜுரம், பரம்பரை என்று பல காரணங்களை டாக்டர்கள் சந்தேகிக்கிறார்கள். சந்தேகப் பட்டியலில் பிஸ்பினால் ஏ-க்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மற்றக் காரணங்கள் பெரும்பாலும் நம் கையில் இல்லை. இது ஒன்று நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான யோசனை. முதல் கடைவாய்ப் பல் எந்தப் பால் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்து விடுகிறது. "பால் பல்தானே, விழுந்து வேறு முளைக்கும்" என்று தாய்மார்கள் அதை அலட்சியம் செய்துவிடுகிறார்கள். அது நிலைப் பல்! அதற்கு மாற்று இல்லை. குழந்தைக்கு ஆறு, ஏழு வயது ஆனதும் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். திட்டுத் தெரிந்தாலும், "குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது" என்று குழந்தை சொன்னாலும், பல் தேய்க்க அழுதாலும், உடனே பல் டாக்டரிடம் காட்டுங்கள். அப்படிப்பட்ட பல் வெகு சீக்கிரம் சொத்தையாகும். தக்க தருணத்தில் ப்ளோரைடுப் பூச்சாலோ, பிசினால் அடைத்தோ, கடைவாய்ப் பல்லுக்கு எவர்சில்வர் உறை போட்டோ காப்பாற்றி விடலாம்.

ஈறின் கதை

ஈறுக்கும் ஹார்மோனுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது பெண்களுக்குப் புதிதல்ல. கர்ப்ப காலத்தில் பலருக்கு ஈறு சிவந்து வீங்கும். பல் தேய்த்தால் ரத்தம் கசியும். உடம்பில் ஹார்மோன் பெருகுவதே அதற்குக் காரணம். ஈறின் திசுக்களில் ஈஸ்ட்ரோஜனை வரவேற்கும் வாசல்கள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் வேஷம் போடத் தெரிந்த பிஸ்பினால் ஏ அந்த வாசலிலும் போய்த் தட்டுமோ என்பதுதான் விஞ்ஞானிகளின் கவலை. சோதனைச்சாலையில் ஈறுச் செல்களைத் தனியே வளர்த்து, பல் அடைக்கும் பிசின்களில் உள்ள ரசாயனங்களைச் சற்று அதிகமாகக் கலந்தபோது, அந்தச் செல்கள் வாடியிருக்கின்றன. ஆனால் கண்ணாடித் தட்டில் வாடுவதும், எச்சிலும் ரத்த ஓட்டமும் உள்ள வாயில் வாடுவதும் ஒன்றாகாது.

ஆகையால், ஈறில் ரத்தம் வந்தால் பிளாஸ்டிக் புட்டியின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஈறுக்கு முதல் விரோதி, பல்லோரத்தில் படியும் அழுக்குப் படலம். அதற்கு அடுத்தது புகையிலை. காலையும் இரவும் ஒழுங்காகப் பல் துலக்குவதற்கு ஈடான ஈறு வைத்தியம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சாப்பாட்டுக்குப் பின் ஓர் ஏலக்காய் மெல்லுவதால் எச்சில் ஊறி வாய் மணக்கும், போடிக்காரர்களுக்கும் நல்லது. ஆனால் அதுவும் பல் துலக்குவதற்கு மாற்றல்ல.

பல் அடைக்கும் பிசினில் பிஸ்பினால் இருக்கிறதா?

சொத்தைப் பல்லை அடைப்பதற்கு வெள்ளைப் பிசின் வைக்கிறார்களே, அதற்கு ஆதாரமான பொருளுக்கு 1962-ல் அமெரிக்காவில் ராபேல் போவன் என்பவர் பேடண்ட் வாங்கினார். அதைச் செய்வதற்கும் பிஸ்பினால் ஏ-தான் வேண்டியிருக்கிறது! பல்லைப் பாதிக்கும் என்று சந்தேகிக்கப்படும் பொருளைக்கொண்டே பல்லை அடைக்கிறார்கள் என்றால், வேடிக்கையாக இல்லையா?

பயப்படத் தேவையில்லை. அடைத்த சில மணி நேரம் எச்சிலில் அணுப்போல் சிறிது கசியும், பிறகு குறைந்துவிடும். 2010-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளியான யோசனை இது: அடைத்து முடித்ததும் மேற்பரப்பில் ஒட்டியுள்ள பிசினை டாக்டர் துடைத்து எடுத்துவிட வேண்டும், நோயாளி அரை நிமிஷம் தண்ணீரால் கொப்பளித்துத் துப்ப வேண்டும், அதை விழுங்கக் கூடாது. கர்ப்பிணிகள், அவசரமில்லாத அடைப்பைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சொத்தையால் வரும் கெடுதல் இந்தக் கசிவால் வரக்கூடியதைவிடப் பல மடங்கு பெரிது. ஆகவே அடைக்க வேண்டிய பல்லை அடைக்காமல் விடுவது புத்திசாலித்தனமல்ல.

எந்தப் பிளாஸ்டிக்?

இப்போது மறுபடி புட்டிக்கு வருவோம். எல்லாப் பிளாஸ்டிக்கிலும் பிஸ்பினால் ஏ இருக்கிறது என்று நினைப்பது தவறு. கடையில் தண்ணீர் அடைத்து விற்கும் மெல்லிய புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். அந்த ஜாதியில் பிஸ்பினால் ஏ சேர்ப்பதில்லை. ஜீப்பில் போகிற பெண்களின் பையில் இருப்பது பெரும்பாலும் இதுவே. வண்ண வண்ணமாகத் தண்ணீர் பிடிக்கும் குடமும், 5 என்ற எண் போட்ட டப்பாக்களும் அப்படியே. 7 என்ற எண்ணோ, 'பி.சி.' என்ற எழுத்தோ இருந்தால்தான் விசாரிக்க வேண்டும். பாலிகார்பனேட் அந்த எண்ணில் அடங்கும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களில் சில அதனால் செய்யப்பட்டவை.

ஆனால் 1 என்ற புட்டிதானே என்று அதில் கொதிக்கும் டீயை ஊற்றக் கூடாது. அது குளிர்ந்த தண்ணீருக்காக, ஒரு தடவை உபயோகத்துக்காகச் செய்தது. சூடு பட்டால் நெளியும். வேறு ரசாயனங்களும் இறங்கக்கூடும்.

சூடுதான் இந்த விஷயத்தில் முதல் குற்றவாளி. 2008-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி சர்வகலாசாலையில் பாலிகார்பனேட் புட்டிகளில் கொதிநீரை ஊற்றிப் பார்த்தார்கள். குளிர்ந்த நீரில் இறங்கியதைவிட 55 மடங்கு வரை வேகமாகப் பிஸ்பினால் ஏ இறங்கியது! 2009-ல் ஹார்வர்டு மாணவர்கள் 77 பேர் ஒரு வாரம் அப்படிப்பட்ட புட்டியில் குளிர்ந்த பானங்களை மட்டும் குடித்தார்கள். அதற்கே அவர்கள் சிறுநீரில் அந்த ரசாயனம் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. 2011-ல் தினம் ஒரு கோப்பை வீதம் ஐந்து நாள் தகர டப்பா சூப்புக் குடித்தவர்களுக்கோ, புதிதாகச் செய்த சூப்பைக் குடித்த நாட்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

சந்தோஷ சமாசாரம் ஒன்றும் உண்டு. இந்த ரசாயனம் உடம்பில் தங்குவதில்லை. உள்ளே போனதில் பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். 2011-ல் அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள், டப்பாவிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்காத உணவைப் புதிதாகச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் சிறுநீரில் பிஸ்பினால் ஏ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அன்றாடம் சோறு வடித்துக் குழம்பு கூட்டுகிற நம் வீடுகளுக்கு, பாதிப் போர் ஆரம்பத்திலேயே ஜயமாகிவிட்டது!

சட்டம் என்ன சொல்கிறது?

முதன்முதலில் 2008-ல் கனடா தேசம் பாலூட்டும் புட்டிகளில் பாலிகார்பனேட்டைத் தடுக்க முடிவு செய்தது. 2011-ல் ஐரோப்பிய யூனியன் தடுத்தது. நம் நாட்டில் 2015-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு, பாலூட்டும் புட்டிகளில் பாலிகார்பனேட் கூடாது என்று விதித்தது. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம், 2015-ல் தான் அனுமதித்திருந்த தினசரி அளவை இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. அவ்வளவு குறைக்க வேண்டியதில்லை என்று ஜெர்மானிய நிபுணர்கள் வாதாடினார்கள். இருந்தாலும் 2024 டிசம்பரில், உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பினால் ஏ கூடாது என்று ஐரோப்பிய யூனியன் சட்டமே செய்து, தொழிற்சாலைகளுக்குச் சிறிது தவணையும் கொடுத்தது.

"அப்படியானால் 'பிஸ்பினால் ஏ இல்லாதது' என்று சீட்டு ஒட்டிய புட்டியை வாங்கிவிட்டால் போதுமே?" என்பீர்கள். சில இடங்களில் அதற்குப் பதிலாக அதன் உடன்பிறப்பான 'பிஸ்பினால் எஸ்' என்பதைச் சேர்க்கிறார்கள். அதுவும் ஹார்மோன் வேஷம் போடக் கூடியதே. அண்ணனை அனுப்பிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாற்போல!

பாட்டியின் சங்கும் எவர்சில்வர் தூக்கும்

பிள்ளைத்தாய்ச்சி வீடுகளில் இப்போதும் ஒரு சம்பாஷணை நடப்பதுண்டு.

"ஏன் அத்தை, குழந்தைக்கு இந்தச் சங்கு எதுக்கு? புட்டியிலே ஊத்திக் குடுத்தா அதுபாட்டுக்குக் குடிச்சிட்டுப் போகுது" என்பாள் மருமகள்.

"உம் புருசன் இதே சங்கிலே குடிச்சுத்தான் வளந்தான், தாயி. அவன் பல்லுக்கு என்ன கொறச்சல்?" என்பார் மாமியார்.

இந்த வழக்கில் டாக்டர்கள் மாமியார் பக்கம்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். ஏதோ காரணத்தால் குழந்தை குடிக்க முடியாவிட்டால், பாலைக் கிண்ணத்திலோ சங்கிலோ புகட்டலாம். புட்டி வேண்டாம் என்கிறார்கள். புட்டிகளுக்கும் மாவுப் பாலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று இந்திய சர்க்கார் 1992-லேயே சட்டம் செய்திருக்கிறது. வெள்ளிச் சங்கு இல்லாவிட்டால் எவர்சில்வர் சங்கு போதும். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யலாம், கீறல் விழாது, எந்த ரசாயனமும் ஹார்மோன் வேஷம் போடாது.

மலைக்கு வேலைக்குப் போகிற பெண்ணானாலும், பட்டணத்தில் ஆபீசுக்குப் போகிற பெண்ணானாலும், கர்ப்பமாக இருக்கும் மாதங்களிலும், குழந்தைக்கு நாலைந்து வயதாகும் வரையிலும் சில பழக்கங்களை வைத்துக்கொண்டால் போதும். சூடான சோறு, குழம்பு, டீ, பால் எல்லாம் எவர்சில்வர் தூக்கிலும் பிளாஸ்கிலும் போகட்டும். பிளாஸ்டிக் பாத்திரத்தை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்க வேண்டாம். தண்ணீர்க் கேனை வெயிலில் நிறுத்தாமல், வந்ததும் மண் பானையிலோ செம்புத் தவலையிலோ ஊற்றிவிடலாம். கீறல் விழுந்து மங்கிப்போன கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கழித்துவிடலாம். தகர டப்பா உணவைத் தவிர்க்கலாம். கடை ரசீதைக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்க வேண்டாம். குழந்தை அதை வாயில் வைத்துக்கொள்ளும்.

இவற்றில் எதற்கும் பெரிய பணச் செலவு கிடையாது. அம்மாவும் பாட்டியும் வைத்திருந்த பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கினால் போதும். குழந்தையின் எனாமலைக் கட்டுகிற கொத்தனார் ஒரே ஒரு தடவைதான் வேலைக்கு வருகிறார். அவர் வேலை செய்கிற அந்தச் சில வருஷம் அவர் காலடியில் எதையும் போட்டு இடறாமல் பார்த்துக்கொண்டால், கட்டடம் எண்பது வயது வரையில் நிற்கும். ஏலக்காயை மட்டுமல்ல, முறுக்கையும் கடிக்கும்!